என் மகளுக்கு நான் வாசித்த ஓலை

புதிதாகக் குருப்பட்டம் பெற்று வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, முதலில் உட்காருங்கள். எழுந்து நிற்பதெல்லாம் பேராயர் வரும்போது வைத்துக்கொள்ளுங்கள். நான் ஓய்வு பெற்ற ஆள். உங்களை எந்த ஊருக்கும் மாற்ற என்னால் முடியாது. பிரசங்கம் செய்வது எப்படி என்று பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. கும்மிடிப்பூண்டியில் நான் செய்த பிரசங்கங்களில் பாதியை, நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக ஆலயத்துக்கு வந்தவர்கள் தூங்கியபடிதான் கேட்டார்கள். அவர்களுடைய தூக்கம் என்னுடைய பிரசங்கத்தைவிட நன்றாக இருந்தது.

ஓலை வாசிப்பதைப் பற்றிச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் என்று சபை நடுவே அறிவித்து, "இதற்கு நியாயமான தடை ஏதும் அறிந்தவர்கள் உண்டானால் தெரிவிக்கவும்" என்று கேட்கிறோமே, அதுதான். அதில் பேச என்ன இருக்கிறது என்று அந்தக் கடைசி வரிசைத் தம்பி கொட்டாவி விடுகிறார். விடுங்கள் தம்பி. நீங்கள் வாசிப்பதைப் போன மாதம் பின்னால் உட்கார்ந்து கேட்டேன். சென்ட்ரல் போகும் மின்சார ரயில் இரண்டாவது பிளாட்பாரத்தில் வரும் என்று சொல்வார்களே, அதே வேகம்.

நானும் அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். தடை உண்டா என்று கேட்டால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். என் ஊழியத்தில் ஒரே ஒருத்தர் ஒரு தடவை எழுந்தார். சபையே திடுக்கிட்டுத் திரும்பியது. மணப்பெண்ணின் அம்மாவுக்குப் படபடவென்று வந்து, பக்கத்தில் இருந்தவர்கள் விசிற ஆரம்பித்துவிட்டார்கள். எழுந்தவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஐயரே, வெளிய ஒரு வெள்ள வண்டி கேட்ட அடைச்சிக்கினு நிக்குது. எனுக்கு ஜெனரல் ஷிஃப்டு. வண்டிய யாருனா எடுங்க" என்றார். மணப்பெண்ணின் அப்பாவே போய் எடுத்தார். வண்டி அவருடையது.

எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மனைவி ஐயரம்மா. எங்கள் ஐயரம்மாவின் பெயர் எஸ்தர். எங்களுக்கு ஒரே மகள், ஜெபா. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. வண்டிகளுக்கான உதிரி பாகத்தைக் கையில் வாங்கி, இப்படி அப்படித் திருப்பி, "வேணாம், எடுத்துட்டுப் போங்க" என்று சொல்வதுதான் அவளுக்குச் சம்பளம். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் முதல் குரல். வீட்டில் என்னை அதட்டும் குரலும் அதேதான்.

அவளுக்குத் திருவள்ளூரிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம், ஐ.டி. வேலை, கும்பிடுவதற்கு முன்னாலேயே குனியும் பையன். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறான் என்று அவனுடைய ஐயரே சாட்சி சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பால்காரரிடம், கேஸ் போடுகிறவரிடம், கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவரிடம்கூட "மாப்பிள்ளை தங்கம்" என்று சொன்னேன். ஜெபா சரி என்றாள். அவள் சொன்ன "சரி"யை நான் திருப்பிப் பார்க்கவில்லை, வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

பெண்ணின் அப்பா என்பதால், பக்கத்துச் சபை ஐயரைக் கூப்பிட்டு ஓலை வாசிக்கச் சொல்லலாம் என்றார் எங்கள் சபைச் செயலாளர். எத்தனை பேர் பெண்களுக்கு வாசித்திருக்கிறேன், என் பெண்ணுக்கு வாசிக்க வாய் இல்லையா என்று அவரிடம் சண்டைக்கே போய்விட்டேன். முதல் ஓலையை வாசித்தபோது சபையே கை தட்டியது. ஓலைக்குக் கை தட்டும் வழக்கம் எந்த ஒழுங்குமுறையிலும் இல்லை. நான் தடுக்கவும் இல்லை.

இரண்டாம் ஓலையில்தான் வினை வந்தது. "நியாயமான தடை ஏதும் அறிந்தவர்கள் உண்டானால்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஸ்டெல்லா எழுந்துவிட்டாள்.

ஸ்டெல்லா யார் என்று சொல்ல வேண்டும். ஜெபா வேலை செய்யும் அதே கம்பெனியில் கேண்டீன் அவள் பொறுப்பில். மூன்று ஷிஃப்டுக்கும் சோறு போடுகிறவள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். சபைக் கமிட்டி கூடினால் அவள் ஒத்துக்கொண்ட தீர்மானம் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. அதோடு எஸ்தருக்கும் அவளுக்கும் ஆகாது. பெண்கள் சங்கத்து ஆண்டு விழாவில் ஸ்டெல்லா சபைக்கே குஸ்கா போட்டாள். எஸ்தர் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மி" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து ஸ்டெல்லா எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. ஜெபம் செய்யும்போதுகூட எஸ்தர் இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் முழங்கால் போடுவாள்.

அந்த ஸ்டெல்லா எழுந்து நின்று, "எனுக்கு ஆட்சேபண கீது ஐயரே" என்றாள்.

தூங்கிக்கொண்டிருந்த நைட் ஷிஃப்ட் மொத்தமும் விழித்துக்கொண்டது. எஸ்தர் பாதி எழுந்துவிட்டாள். செயலாளர் என் காதருகே வந்து, "உக்காரச் சொல்லுங்க ஐயரே, பழைய கடுப்புல பேசுது" என்றார். நான் ஜெபாவைப் பார்த்தேன். பாடகர் வரிசையில் அவள் தலையைக் குனிந்து, கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

தம்பிகளே, இந்த இடத்தில் உங்களுக்கு வழி ஒன்றுதான். எழுந்தவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும், தடை என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதைக் கேட்டே ஆக வேண்டும். எனக்கு வந்த கோபத்துக்கு, ஸ்டெல்லாவை அப்போதே கேட்டுக்கு வெளியே அனுப்பியிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரிக்கு வரவும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டை அறிவித்தேன். எந்தப் பாட்டு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அங்கி மாட்டும் அந்தச் சின்ன அறைக்குள் செயலாளர் வந்தார், கூப்பிடாமலே எஸ்தரும் வந்தாள். ஸ்டெல்லா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "பெத்த அப்பனே பொண்ணுக்கு ஓலை படிச்சா அது செல்லுமா? அதான் என் ஆட்சேபண" என்றாள்.

செயலாளர் சிரித்துவிட்டார். எஸ்தர் சிரிக்கவில்லை. "இதுக்கா என் பொண்ணு மானத்தச் சந்தி சிரிக்க வெச்ச?" என்று சண்டைக்குத் தயாரானாள். அவர்கள் இருவரையும் வெளியே அனுப்பக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் ஸ்டெல்லா குரலே மாறிப்போய் நிற்கிறாள்.

"ஐயரே, நாளிக்கி மதியம் கேண்டீனுக்கு வாங்க. சோறு துன்ன வாங்க. பொண்ணுகிட்ட சொல்லாத வாங்க" என்றாள்.

"எதுக்கும்மா?"

"நான் சொன்னா அது என் வாயி. நீங்க பாத்தா அது உங்க கண்ணு. வாங்க."

வெளியே போய்ச் சபையிடம், "ஆட்சேபணையைக் கேட்டேன். கேட்க வேண்டியவர்களைக் கேட்டுவிட்டு அடுத்த ஞாயிறு சொல்கிறேன்" என்றேன். முகத்தை மகா கம்பீரமாக வைத்துக்கொண்டேன். பேராயர் அலுவலகம்வரை விஷயம் போகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். யாரைக் கேட்கப்போகிறேன் என்று அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் விழாவுக்கு வருஷா வருஷம் போய் ஜெபித்துவிட்டு வருகிற கம்பெனி என்பதால், திங்கட்கிழமை கேட்டில் செக்யூரிட்டி சல்யூட் அடித்து உள்ளே விட்டார். ஸ்டெல்லா என்னைப் பின் வாசல் வழியாக இழுத்துக்கொண்டு போய், மேல்துணி ஒன்றைக் கட்டி, தலையில் வலைத் தொப்பியை மாட்டி, சோறு போடும் மேடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டாள். கையில் அப்பளக் கூடை. "தலைய குனிஞ்சிக்கினு ஆளுக்கு ஒண்ணு குடுங்க. ஒடஞ்சத குடுக்காதீங்க, திட்டுவாங்க" என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். என்னைப் பெற்ற அம்மாவே வந்தாலும் அப்பளம் வாங்கிக்கொண்டு போயிருப்பாள்.

மணி அடித்ததும் கூட்டம் வந்தது. என் சபைக்காரர்கள் இருக்க மாட்டார்களா? "ஐயரே, இன்னா இங்க? காணிக்க பத்தலயா, பார்ட் டைம் பண்றீங்களா?" என்றான் ஒருத்தன். ஸ்டெல்லா கரண்டியை ஓங்கினாள், அவன் நகர்ந்தான். இன்னொருத்தர், பாவம், என் முகத்தைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் திருவிருந்தில் அப்பம் வாங்க நீட்டுவதுபோல் இரண்டு கையையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து நீட்டிவிட்டார். நானும் பழக்க தோஷத்தில் பயபக்தியோடு அப்பளத்தை வைத்தேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் அப்புறம் ஒரு மாதம் என் கண்ணில் படவில்லை.

ஜெபா வேறு வரிசையில் தட்டு வாங்கிக்கொண்டு, கூட வேலை செய்யும் பெண்களோடு ஒரு மேசையில் உட்கார்ந்தாள். அந்த மேசையின் கோடியில் ஒரு பையன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஜெபா உட்கார்ந்ததும், யாரும் சொல்லாமலே அவன் தன் தட்டை எடுத்துக்கொண்டு தூரத்து மேசைக்குப் போய்விட்டான். அது எனக்கு முதலில் புரியவில்லை.

அவள் ஒரு வாய் எடுப்பதற்குள் போன் அடித்தது. எழுந்தாள். கேண்டீனுக்கு நடுவில் போய் நின்றாள். போனைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு முழு வட்டம் சுற்றினாள். சுற்றி இருந்த மேசைகள், சோறு போடும் மேடை, தண்ணீர்க் குழாய், வாசல், எல்லாவற்றையும் அந்தப் போனுக்குக் காட்டினாள். எங்கள் பக்கம் திரும்பியபோது நான் அப்பளக் கூடைக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டேன். சுற்றி முடித்ததும் வந்து உட்கார்ந்து, போனைத் தண்ணீர் டம்ளர்மேல் சாய்த்து வைத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள். இவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். மணி அடித்தது. சோற்றைத் தொட்டிக்குள் தள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

ஸ்டெல்லா என் காதோடு விளக்கினாள். வேலை இடத்தில் போனுக்கு அனுமதி இல்லை. அதனால் ஒவ்வொரு இடைவேளைக்கும் மாப்பிள்ளைக்குச் சுற்றிக் காட்ட வேண்டும். ஆண் பிள்ளை யாராவது அவள் மேசையில் உட்கார்ந்திருப்பது தெரிந்தால் அன்றைக்குப் பூராவும் சண்டை. அதனால்தான் அந்தப் பையன் தட்டோடு எழுந்து போனான். மேசைக்கே அது பழகிவிட்டிருந்தது.

கூடையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன். கூடையில் இருந்த அப்பளம் பாதி நொறுங்கிவிட்டது. "ஏம்மா, இதை என்கிட்ட நேரா வந்து சொல்லக் கூடாதா?" என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன்.

"நல்லா கேட்டீங்க. உப்பு கம்மின்னு சொன்னதுக்குப் பழி வாங்குறான்னு ஐயரம்மா சொல்லும். நீங்களும் அதுக்குத் தலையாட்டுவீங்க. சபைக்கு முன்னால சொன்னா நீங்க விசாரிச்சே ஆவணும் இல்ல? அதான் சட்டம்?"

"அப்ப அந்த ஆட்சேபணை?"

"அது சும்மா. நெஜத்த சொன்னா பொண்ணு பேர தெருவுல இஸ்து உடுவாங்க. எனுக்குத்தான் ஏற்கெனவே வாய்க்கொழுப்புக்காரின்னு பேரு கீதே. இன்னொரு தபா சொல்லிட்டுப் போட்டுமே, எனுக்கு இன்னா பேஜாரு?"

கமிட்டியில் அவள் எதிர்த்த தீர்மானங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக என் கண்முன் வந்தன. சிலவற்றில் அவள் சொன்னதுதான் சரியோ என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அடுத்த கமிட்டியில் எங்களுக்கு இடமே இருந்திருக்காது.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் இறங்கி ஜெபா வீட்டுக்கு வந்தாள். எஸ்தர் சமையலறையில் பழவேற்காட்டிலிருந்து வந்த இறாலை உரித்துக்கொண்டே ஸ்டெல்லாவையும் உரித்துக்கொண்டிருந்தாள். நான் ஜெபாவிடம், "மதியம் அப்பளம் எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்களா பா அது?" என்றாள். நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். எஸ்தர் ஒன்றும் புரியாமல் இறால் கையோடு வந்து நின்றாள்.

"எப்படி பா சொல்றது? மீட்டர் பாக்க வந்தவரைக்கும் மாப்ள தங்கம்னு சொல்லி வெச்சிருக்கீங்க. முதல் ஓலைக்கு எல்லாரும் கை தட்டினாங்க. அன்னைக்கு உங்க மூஞ்சியப் பாத்தேன். அப்புறம் எங்க சொல்றது?"

அப்போது போன் அடித்தது. வீடியோ கால். ஜெபா கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுக்கப் போனாள். நான் கை நீட்டினேன். கொடுத்துவிட்டாள்.

"ஜெபா, எங்க இருக்க? காட்டு" என்றான் மாப்பிள்ளை.

"ஸ்தோத்திரம் தம்பி" என்றேன்.

அந்தக் கும்பிடுவதற்கு முன்னாலேயே குனியும் பையன் குனிந்தான். "அங்கிள், ஜெபா இல்லையா?"

"இருக்கா தம்பி. சுத்திக் காட்டணும் இல்ல? இருங்க, நானே காட்டறேன். எனக்கு இன்னைக்கு வேற ஜோலி இல்ல." போனைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். "இது ஹாலு. சோபாக்கு அடியில பாருங்க, என் செருப்பு. இன்னொண்ணு எங்கன்னு நானும் தேடிட்டு இருக்கேன். இது ஃப்ரிட்ஜு. திறக்கட்டுமா? திறந்துட்டேன். ஆம்பளைங்க யாரும் இல்ல, தோசை மாவு இருக்கு. இது பீரோ. இது என் அங்கி. உதறிக் காட்டறேன் பாருங்க, உள்ள ஒருத்தரும் இல்ல. இது உங்க மாமியார். கையில இருக்கறது இறா."

ஜெபா அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு போனில் கேட்டுவிட்டது.

"கிண்டல் பண்றீங்களா அங்கிள்? நான் அவமேல இருக்கற அக்கறைலதான் கேக்கறேன். கல்யாணம் ஆனா வேலைய விட்டுடுவா. அப்புறம் இந்தக் காட்டற பிரச்சனையே இல்ல."

"வேலையை விடறேன்னு அவ சொன்னாளா தம்பி?"

"அவ என்ன அங்கிள் சொல்றது? நான் சொல்றேன் இல்ல?"

எஸ்தர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை என்னிடமிருந்து வாங்கினாள். "தம்பி, இவளுக்கு வேலை கெடைச்ச அன்னைக்கு இந்த வீட்ல பாயசம் வெச்சோம். ராத்திரி சாப்பிடுங்க, உடம்பப் பாத்துக்கங்க. வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டாள். அப்புறம் இறால் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, யாரையும் பார்க்காமல், "அந்தக் குஸ்காவுல உப்பு சரியாத்தான் இருந்துச்சு" என்றாள்.

கல்யாணத்தை அதோடு நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். அவ்வளவு சுலபமாக இல்லை. புதன்கிழமை மாப்பிள்ளை வீட்டார் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். பையன் பாசக்காரன், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும், ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலைக்குக் குடும்பத்தோடு வருகிறோம் என்றார்கள். செயலாளர் வந்து, "மண்டபம் சொல்லியாச்சி, சமையல்காரன் சொல்லியாச்சி. ஐயர் ஊட்டுக் கல்யாணமே நின்னுச்சின்னா நாளிக்கி நீங்க எவன் ஊட்ல போயி புத்தி சொல்லுவீங்க?" என்று கேட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். அந்தக் கேள்வி என்னைக் குத்தத்தான் செய்தது. ஊரெல்லாம் சண்டை தீர்க்கப் போகிறவன், என் வீட்டு விஷயத்தைத் தெருவில் போடப்போகிறேன் என்று இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை ஜெபாவிடம், "நாளைக்கு ஆராதனைக்கு முன்னாலேயே அவங்ககிட்ட நான் சொல்லிடறேன்மா. நீ வர வேணாம்" என்றேன்.

"நீங்க நிறுத்தினா ஐயர் நிறுத்திட்டாருன்னு பேசுவாங்க. அவங்க நிறுத்தினா பொண்ணுகிட்ட ஏதோ இருக்குன்னு பேசுவாங்க. ரெண்டும் வேணாம் பா. என் ஓலைதானே? நீங்க கேளுங்க, நான் சொல்றேன். கேட்டுட்டு அடுத்த வரிக்கு மட்டும் ஓடிடாதீங்க."

"பயந்துட்டேன்னா?"

"பயந்தா உக்காந்துடுவேன். அதுக்கப்புறம் நீங்க இன்னா வேணா பண்ணுங்க. ஆனா நான் எழுந்திருக்கறதுக்கு முன்னால எனக்காக வாயத் தொறக்காதீங்க. சத்தியம் பண்ணுங்க."

சத்தியமே பண்ணாதே என்று வேதம் சொல்கிறது, நான் சத்தியம் செய்யக் கூடாதவன் என்று உங்களுக்குத் தெரியும். செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிரம்பி, வாசலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட வேண்டியதாயிற்று. கிறிஸ்துமஸுக்குக்கூட வராதவர்கள் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் முதல் வரிசையில் பட்டுப் புடவையும் வேட்டியுமாக உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை ஓலை வாசிப்பதைப் படம் எடுக்க போனைத் தயாராக வைத்திருந்தான். பெண்கள் பக்கம் பார்த்தேன். எஸ்தர் வழக்கமான இடத்தில் இல்லை. ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இருவரும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருந்தார்கள். சபை அதைப் பார்த்தே பாதி பேச்சை இழந்திருந்தது.

"சென்ற வாரம் எழுந்த ஆட்சேபணையைச் சகோதரி ஸ்டெல்லா திரும்பப் பெற்றுக்கொண்டார்" என்று அறிவித்தேன். செயலாளர் பெருமூச்சு விட்டார். பிறகு ஓலையை வாசித்தேன். என் மகள் பெயர் வந்த இடத்தில் டம்ளரைத் தேடினேன். தண்ணீர் குடித்துவிட்டு முடித்தேன். "இதற்கு நியாயமான தடை ஏதும் அறிந்தவர்கள் உண்டானால் தெரிவிக்கவும்."

நின்றேன்.

ஜெபா எழுந்திருக்கவில்லை.

தம்பிகளே, இதைத்தான் சொல்ல வந்தேன். உங்களுக்கு வேதம் படிக்கக் கிரேக்கம் தெரியும், எபிரேயம் தெரியும். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பதற்கு எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தர மாட்டார்கள். மின்விசிறி சத்தம் கேட்டது. வெளியே நெடுஞ்சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. செயலாளர் இருமினார். மாப்பிள்ளையின் அப்பா துண்டைச் சரிசெய்துகொண்டார். "இது மூன்றாம் ஓலை" என்ற அடுத்த வரிமேல் என் கட்டை விரல் இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்குள் ஒருத்தன் சொன்னான். இன்னொருத்தன், நீயே சொல்லிவிடு, அவள் பாவம், குழந்தை, அவளைக் காப்பாற்று என்றான். இரண்டாவது ஆள்தான் ரொம்பத் தொல்லை கொடுத்தான். அவனுக்கு அப்பன் முகம். ஜெபாவைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் நெருக்குவதாக ஆகிவிடும் என்று எதிர்ச் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆண்டவரே, அவளுக்குக் கால் கொடும் என்று மட்டும் கேட்டேன். அதற்குமேல் ஜெபிக்கத் தெரியவில்லை.

செயலாளர் என் பக்கம் வந்து, "ஐயரே, அடுத்தது" என்றார். நான் அசையவில்லை.

பாடகர் வரிசையில் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது.

"எனக்கு ஆட்சேபணை இருக்கு" என்றாள் ஜெபா.

முதல் வரிசையில் மாப்பிள்ளையின் போன் மெதுவாகக் கீழே இறங்கியது. எழுந்தது என் மகள். ஆனாலும் அங்கியில் இருக்கிறவன் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? "காரணத்தை ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரியில் வந்து தெரிவிக்கவும்" என்றேன்.

"வெஸ்ட்ரி வேணாம் ஐயா, இங்கயே சொல்லிடறேன். எனக்கு இஷ்டம் இல்ல." ஒரு மூச்சு விட்டுக்கொண்டாள். "அவ்வளவுதான் காரணம்."

செயலாளர் பதறிப்போய், மைக் திறந்திருப்பதை மறந்து, "ஐயரே, இஷ்டம் இல்லன்றதெல்லாம் நியாயமான தடையில வருமா?" என்று கேட்டுவிட்டார். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தவர்கள்வரை கேட்டது.

"இத்தனை வருஷத்தில் என் காதில் விழுந்த முதல் நியாயமான தடை இதுதான்யா" என்றேன். அதுவும் மைக்கில்தான் போனது. "இந்த ஓலை இத்தோடு நிறுத்தப்படுகிறது. அடுத்தது காணிக்கைப் பாட்டு."

பாட்டு என்றதும்தான் எனக்கு உறைத்தது, அதை எடுத்துக் கொடுக்க வேண்டியவள் அவள்தான். சபை முழுவதும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் உட்காரவில்லை. புத்தகத்தைத் திறந்து, ஒரு தடவை தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பாட்டை எடுத்தாள். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. நான் தூக்கிப் பிடித்திருந்த காணிக்கைத் தட்டுதான் நடுங்கியது.